எல்ஃப்களின் ஆற்றை அடைத்த கதை

எனக்குப் பொறாமை உண்டு. அதை நல்ல வார்த்தை போட்டு மூடிச் சொல்ல எனக்கு வராது. ஒரு நர்ஸ் மேல் பொறாமைப்பட்டேன், இன்னும் படுகிறேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். உலகத்தில் இல்லாத ஓர் இனத்துக்கு இல்லாத ஒரு மதத்தை, என்னைவிட நன்றாக அவள் உண்டாக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் திருவையாற்றில் வாத்தியார் வீட்டு மாடியில் கூடுவோம். வாத்தியார் என் பள்ளிக்கூடத்து நண்பன், இப்போது நிஜமாகவே பள்ளிக்கூட வாத்தியார். அவன் ஒரு கற்பனை உலகத்தின் கதையைச் சொல்லிக்கொண்டு போவான். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்வோம். அது நடக்குமா நடக்காதா என்று பகடை முடிவு செய்யும். அந்த உலகத்தில் மந்திரவாதிகள் உண்டு, குள்ளர்கள் உண்டு, எல்ஃப்கள் உண்டு. எல்ஃப் என்றால் காட்டில் வாழும் கூர்க்காது மனிதர்கள். வயதாகிச் சாகமாட்டார்கள். எங்களோடு ஆடும் பைக் மெக்கானிக் அவர்களை "நெட்டக்காது" என்றுதான் சொல்வான்.

மூன்று பேராகவே நாலு வருஷம் ஆடினோம். நான் விவசாயி. வாரம் முழுக்க உரக்கடை, நடவுக்கு ஆள் கிடைக்காத கவலை, எலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் எல்ஃப்களின் தலைமைப் பூசாரி. எல்ஃப்களின் மதம் உன் பொறுப்பு என்று வாத்தியாரே சொன்னான். நாற்பது பக்க நோட்டை எழுதி நிரப்பினேன். பன்னிரண்டு தெய்வங்கள். ஒவ்வொன்றுக்கும் நிறம், வாகனம், நோன்பு. ஆறுதான் எல்லாருக்கும் தாய். ஆறு பிறக்கும் மலையில் கோயில். என் மனைவி அந்த நோட்டை ஏதோ ஜாதகக் குறிப்பு என்று நினைத்திருந்தாள். நான் திருத்தவில்லை.

அப்போதுதான் நர்ஸ் வந்தாள். வாத்தியாரின் அம்மாவைத் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது அந்த வார்டில் இருந்தவள். கட்டில் பக்கத்தில் அவன் எங்கள் கதைக் குறிப்பைப் படிப்பதைப் பார்த்து, இது என்ன சார் என்று கேட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறே மாடிக்கு வந்துவிட்டாள். சொந்த ஊர் தரங்கம்பாடிப் பக்கம். அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம்.

முதல் நாள் என் நோட்டை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பெருமையாகத்தான் படித்தேன்.

"அண்ணே, ஒன்னு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"சாகவே மாட்டாங்கன்னா இவங்களுக்கு எதுக்குண்ணே சாமி?"

மெக்கானிக் சிரித்தான். "நானும் நாலு வருஷமா அதத்தான் நெனைக்கிறேன். கேட்டா கோவிச்சுக்குவாருன்னு வாயத் தொறக்கல."

"மழைக்கு. பயத்துக்கு. வழக்கம்னு ஒன்னு இருக்குல்ல," என்றேன்.

"அதெல்லாம் நமக்குண்ணே. அவங்களுக்கு?"

நான் நோட்டைப் புரட்டினேன். அவள் நான் வரைந்த வரைபடத்தை இழுத்துப் பார்த்தாள். "இந்த ஆறு எங்க போய் முடியுது?"

மலையில் புறப்பட்டு, காட்டுக்குள் வளைந்து, வயல்களைத் தாண்டி, தாளின் ஓரத்தில் நின்றிருந்தது ஆறு. நாலு வருஷமாக யாரும் கேட்கவில்லை.

"அது போவும்ங்க எங்கயாச்சும். நமக்கென்ன?"

"தலமடைக்காரருன்னு காட்டிட்டீங்களேண்ணே!" என்று சிரித்தாள்.

வாய்க்காலில் தண்ணீர் முதலில் ஏறும் இடம் தலைமடை. கடைசியில் போய்ச் சேரும் இடம் கடைமடை. எங்கள் நிலம் தலைமடை, அவள் அப்பாவின் நிலம் கடைமடை. என் வயலைத் தாண்டியபிறகு தண்ணீர் எங்கே போகிறது என்று நான் பிறந்ததிலிருந்து நினைத்ததில்லை. பொய் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

அடுத்த வாரம் அவள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். ஒரே பக்கம். எல்ஃப்களுக்கு முடிவு கிடையாது. அதனால் எது முடிகிறதோ அதுதான் அவர்களுக்குச் சாமி. உதிரும் இலை, அறுத்த நெல்தாள், அணையும் விளக்கு. முடிவுகளில் பெரியது ஆறு கடலில் கலக்கும் இடம். நூறு வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எல்ஃப்பும் ஆற்றோடு நடந்து முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். அங்கே கோயில் இல்லை, சிலை இல்லை. தண்ணீர் உப்பாக மாறும் இடத்தில் ஒரு வாய் அள்ளிக் குடித்து, "எனக்கும் கொஞ்சம் கொடு" என்று கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வழிபாடு.

வாத்தியார் இரண்டு தடவை படித்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான். என் நாற்பது பக்கத்துக்கு அவன் ஒருநாளும் கண்ணாடியைக் கழற்றியதில்லை.

"மாப்ள, இதான்டா மதம்," என்றான். அதையும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

"அப்ப என்னோட பன்னெண்டு சாமி?"

"இருக்கட்டும்டா. பழங்காலத்துச் சாமின்னு வச்சுக்கலாம்."

"பன்னெண்டு பேருக்கும் விஆர்எஸ் குடுத்தாச்சு," என்றான் மெக்கானிக்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வருஷா வருஷம் நெல்லை வளர்த்து அறுக்கிறவன் நான். முடிவைப் பார்க்கிறவன் நான். அறுத்த தாள் அவளுக்கு எப்படித் தோன்றியது, எனக்கு ஏன் தோன்றவில்லை? வார்டில் அவள் தினமும் எதைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் பொறாமை குறைந்திருக்காது.

சம்பாப் பயிருக்குத் தண்ணீர் பற்றாத நேரம். ஒருநாள் காலையில் வயலுக்குப் போனவன், என் வயலுக்கு அடுத்துக் கீழே இருக்கிறவன் வயலுக்குப் போகும் மடையில் வைக்கோலையும் சேற்றையும் திணித்து அடைத்தேன். எங்கள் பக்கம் இதை யாரும் பெரிய பாவமாக நினைப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் கை தானாகச் செய்யும். சேறு கையில் இருக்கும்போதே எனக்கு அந்த யோசனை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பாத்திரம், எழுநூறு வயது எல்ஃப் பெண் ஒருத்தி, முகத்துவாரத்துக்குக் கிளம்பினாள். நான் கையைத் தூக்கினேன்.

"தலைமைப் பூசாரி ஆத்துல ஷட்டர் போடுறாரு."

"என்னது?" என்றான் வாத்தியார்.

"மலையடிவாரத்துல. பன்னெண்டு கண் மதகு. கண்ணுக்கு ஒரு சாமி. எல்லாத்தையும் எறக்கியாச்சு. தாயி எதுக்குக் கடல்ல போய்ச் சாவணும்? பூசாரி காப்பாத்துறாரு."

"டேய், என்னடா இது?"

"பகடை போடவா வேணாமா?"

போட்டேன். எனக்கு வேண்டிய எண் விழுந்தது. ஆறு நின்றுவிட்டது. அவள் அழுவாளா என்று பார்த்தேன். அழ வேண்டும் என்றுதான் பார்த்தேன்.

"தஞ்சாவூர்க்காரன் சாமி கும்புடுறதே மதகுலதான்னு எங்கப்பா சொல்லுவாரு," என்றாள். "நான் நம்பல."

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சரி, என் ஆளு நடக்குறா."

"எங்க நடக்குறது? தண்ணியே இல்லையே," என்றேன்.

"மணல்லதான். எங்க ஊர்ல நாங்க பாக்காததாண்ணே?"

அவள் பாத்திரம் காய்ந்த ஆற்றில் நடந்தாள். வழியில் இருந்த வயல்களை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முகத்துவாரத்துக்குப் போனால் அங்கே ஆறு இல்லை. கடல் உள்ளே ஏறி வந்திருந்தது. கிணறெல்லாம் உப்பு. முன்னே போன எல்ஃப்கள் அங்கேயே குந்தியிருந்தார்கள். யாரும் "எனக்கும் கொஞ்சம் கொடு" என்று கேட்கவில்லை. தண்ணீர் வருகிறதா என்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆறு போய்ச் சேரலைன்னா கடலு தேடிக்கிட்டு வந்துரும்ணே," என்றாள். கதைக்காகச் சொல்வதுபோல் இல்லை.

டீ ஆறிப்போயிருந்தது. "அப்புறம்?" என்று கேட்டான் மெக்கானிக். நெட்டக்காது என்ற வார்த்தையே அவன் வாயில் வரவில்லை. அவளுடைய மதத்தை உடைக்கத்தான் ஷட்டரைப் போட்டேன். அதையும் எடுத்துத் தன் மதத்தில் வைத்துக்கொண்டாள்.

"பூசாரி என்னடா பண்றாரு?" என்றான் வாத்தியார். "தொறக்குறாரா?"

"தொறக்க மாட்டாரு."

"மாப்ள, வெளையாட்டுடா இது."

"வெளையாட்டுதானே? அப்ப எதுக்குத் தொறக்கணும்?"

அவன் இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் எழுந்து போயிருப்பேன். போயிருந்தால் திரும்பி வந்திருக்கமாட்டேன். வாத்தியாருக்கும் அது தெரிந்தது, வாயை மூடிக்கொண்டான்.

"விடுங்க சார். தொறக்க வேணாம்," என்றாள் அவள். "ஆனா பூசாரி இல்லையா அவரு, ஏன் தொறக்கலன்னு ஆத்துக்கிட்ட எதாவது சொல்லியிருப்பாருல்ல. அத எழுதிக் கொண்டாங்கண்ணே."

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். கோபத்தோடுதான் எழுதினேன். ஏழு வரி.

"போகாதே.
எனக்குப் பின்னால் உன்னைக் குடிப்பவர்களை எனக்குத் தெரியாது.
தெரியாதவர்களுக்கு உன்னைக் கொடுக்க எனக்கு மனமில்லை.
எனக்குச் சாவில்லை, உனக்கும் வேண்டாம்.
உன் பாசியை நான் பொறுத்துக்கொள்கிறேன்.
உன் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறேன்.
என்னிடமே கிட."

அடுத்த வாரம் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் அதை வாங்கி, அவள் எழுதிய பக்கத்துக்குக் கீழே ஒட்டினான்.

"என்னோடதவிட இதுதாண்ணே நல்லாருக்கு," என்றாள். மனசாரச் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. பன்னிரண்டு சாமிக்கு நாலு வருஷம் எழுதியதில் இப்படி ஒரு வரி இல்லை. உருப்படியாக எழுதியது ஒன்று, அதையும் அவளுடைய மதத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போதும் வாரா வாரம் போகிறேன். திறக்கலாமா என்று வாத்தியார் கேட்கிறான். முடியாது என்கிறேன். திறந்துவிட்டால் அந்த ஏழு வரியைச் சொல்ல அந்த உலகத்தில் யாருக்கும் காரணம் இருக்காது.