அரை அங்குல போல்ட்டும் ஆளுயர மெழுகுவர்த்தியும்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கப்பல் வரும் பாதையில் எங்கள் வள்ளம் நின்றுபோனது. டீசல் குழாயின் போல்ட் தளர்ந்து, காற்று புகுந்து, எஞ்சின் அணைந்துவிட்டது. தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பழைய எஞ்சின், அரை அங்குல போல்ட். நான் கொண்டுபோனதோ மில்லிமீட்டர் ஸ்பேனர்கள். பன்னிரண்டு நுழையவில்லை, பதின்மூன்று வழுக்கியது. மாதாவுக்கு ஆளுயர மெழுகுவர்த்தி ஏற்றுவதாகச் சத்தமாக நேர்ந்துகொண்டு முரட்டுத்தனமாகத் திருகினேன். போல்ட் தலையின் ஒரு மூலை மழுங்கியதுதான் மிச்சம்.

“மச்சான், அந்த மெழுகுவத்திய எதுல அளக்கப் போறிய? அங்குலத்துலயா, மில்லிமீட்டர்லயா?” என்றான் என் மைத்துனன் சூசை.

சிரித்துவிட்டேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். ஓர் அங்குலம் இருபத்தைந்து புள்ளி நான்கு மில்லிமீட்டர். அதில் பாதி பன்னிரண்டு புள்ளி ஏழு. அப்படியானால் பதின்மூன்று ஸ்பேனரில் இடைவெளி புள்ளி மூன்றுதான்!

“ஏலே, கூல்டிரிங்ஸ் டின்ன வெட்டு!”

தகட்டை மடித்து ஸ்பேனருக்குள் செருகினேன். இறுக்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. காற்றை வெளியேற்றியதும் எஞ்சின் இருமிக்கொண்டே எழுந்தது. கப்பலுக்கு வழிவிட்டு விலகினோம்.

மெழுகுவர்த்தியை அங்குலத்தில் அளந்தே ஏற்றினேன். இன்றும் பயம் வந்தால் மாதாவைக் கூப்பிடத்தான் செய்கிறேன். ஆனால் கூப்பிட்டுவிட்டு, கணக்கைப் போடும்வரை ஸ்பேனரைத் தொடுவதில்லை.