வேறு மருந்து: இல்லை

பூங்குழலி பேசுகிற வேகத்துக்கே டைப் அடிப்பாள். கல்யாணத்துக்கு முன்பு செஞ்சி கோர்ட் பக்கத்தில் ஒரு கடையில் வக்கீல்களுக்குப் பத்திரம் அடித்துப் பழகிய விரல்கள். அந்த விரல்களுக்காகத்தான் டாக்டர் அபிநந்தன் அவளை வேலைக்குக் கூப்பிட்டார்.

அவர் மேல்சித்தாமூர்க்காரர். திருவண்ணாமலை ரோட்டில் க்ளினிக். முதலில் அட்டைகளில் எழுதி நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். பாதி அட்டையை எலி தின்றது, மீதியில் யாருடையது எது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரில் நோயாளி விவரம் ஏற்றும் மென்பொருள் ஒன்றை வாங்கிப் போட்டார். அதிலிருந்து அவர் திரையையே பார்த்துத் தட்டிக்கொண்டிருக்க, வந்தவர்கள் வெளியே போய், "சார் மூஞ்சியக்கூட பாக்க மாட்டறாரு" என்று பேச ஆரம்பித்தார்கள். அதனால் அவர் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மேஜை போட்டு பூங்குழலியை உட்காரவைத்தார். அவர் நோயாளியைப் பார்த்துப் பேசுவார், இவள் ஏற்றுவாள்.

திரையில் நாலு கட்டம். வந்தவர் என்ன சொல்கிறார், டாக்டர் என்ன பார்த்தார், என்ன நோய், என்ன செய்ய வேண்டும். சிங்கவரத்துக் கிழவி ஒருத்தி மாடு இழுத்ததில் தொடங்கி மருமகள் வரை வந்து நிறுத்துவாள். பூங்குழலி முதல் கட்டத்தில் 'விழுந்தார், வலது முட்டி வீக்கம்' என்று வைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பாள். மாதாமாதம் பிரஷருக்கும் சுகருக்கும் வருகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். போன முறை ஏற்றியதையே இந்த முறைக்கும் கொண்டுவர ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு, மாறியதை மட்டும் திருத்தினால் போதும். கூட்டம் சீக்கிரம் கலைந்தது. டாக்டர் தன் நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னார், "எங்க பூங்குழலி ஏத்தினதப் பாத்தா ஆளையே நேர்ல பாத்த மாதிரி இருக்கும்."

அவள் கணவன் ராஜாராம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன். நெல் வரத்து காலத்தில் விடிந்ததும் போனால் முதுகு காயக் காய வேலை. அவனுக்கும் பிரஷர் இருந்தது. மாதம் ஒருதரம் க்ளினிக்குக்கு வருவான். டோக்கன் வாங்கிக்கொண்டு மற்றவர்களைப் போலவே பெஞ்சில் உட்காருவான். வீட்டில் அவனை நீ, வாய்யா, போய்யா என்று பேசுகிறவள் அங்கே மட்டும் 'நீங்க' போடுவாள். அது இருவருக்கும் சிரிப்பாக இருக்கும்.

போன கோடையில் அவன் கால் வீங்கியது. காலையில் பல் விளக்கும்போது வாந்தி எடுத்தான். சோறு மண் மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். பூங்குழலி தினமும் சொல்லிப் பார்த்து, கடைசியில் ஒரு நாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக க்ளினிக்குக்குக் கூட்டிவந்தாள்.

"இன்னா பண்ணுது ராஜாராம்?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்ல சார். வெயிலு."

பூங்குழலி முதல் கட்டத்தில், 'சில வாரங்களாகக் காலையில் வாந்தி, பசி இல்லை, கால் வீக்கம்' என்று அடித்தாள். ராஜாராம் எட்டித் திரையைப் பார்த்தான். அவனுக்கு அது படிக்க வராது. ஆனால் அவன் சொன்னது இவ்வளவு நீளம் இல்லை என்று தெரிந்தது.

"நான் சொல்லாதத எதுக்கு ஏத்தற?"

"வாந்தி எடுக்கலியா நீங்க? இல்லன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"இங்க யாரு வைத்தியம் பாக்க வந்தது, நானா நீயா?"

டாக்டர் கையமர்த்தினார். "ரெண்டும் இருக்கட்டும்மா. அவரு சொன்னத அவரு பேர்ல போடு. நீ சொன்னத மனைவி சொன்னதுன்னு போடு." பிறகு அவன் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி மேலெழவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

பரிசோதனைக் கூடத்து முடிவுகள் நேராக மென்பொருளுக்கே வந்துவிடும். மறுநாள் ராஜாராம் டோக்கனோடு பெஞ்சில் காத்திருந்தபோது அவனுடைய முடிவு திரையின் ஓரத்தில் வந்து விழுந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சிவப்பில் இருந்தது. அந்தச் சொல்லை அவள் எத்தனையோ பேருக்கு ஏற்றியிருக்கிறாள். அந்த எண்ணுக்கு மேல் போனவர்களுக்கு டாக்டர் என்ன சொல்வார், வீட்டு ஆட்கள் எந்த இடத்தில் அழத் தொடங்குவார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

டாக்டர் அப்போது ஒரு குழந்தையின் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "சளி, ரெண்டு நாளு காய்ச்சல்" என்றார். அவள் அடித்தாள். அடுத்து ஒரு அம்மாவுக்கு முட்டி. அதையும் அடித்தாள். கதவிடுக்கில் ராஜாராம் போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. எழுந்து போய் அவனிடம் என்ன சொல்வது? முட்டிக்காரம்மா வெளியே போனதும்தான் திரையை டாக்டர் பக்கம் திருப்பினாள்.

அவர் அந்த எண்ணைப் பார்த்தார். "அவர வரச்சொல்லு."

ராஜாராம் வந்து உட்கார்ந்தான்.

"வலி மாத்திரை எதனா போடறியா?"

அவன் மனைவியைப் பார்த்தான்.

"ராஜாராம், மறைக்காத. கிட்னி ரெண்டும் ரொம்பக் கெட்டுப்போயிருக்கு. வலி மாத்திரை தொடர்ந்து போட்டா இப்பிடித்தான் ஆவும்."

"மூட்டை தூக்கறவன் எல்லாம் போடறதுதான் சார். மெடிக்கல்ல கேட்டா குடுப்பாங்க. காத்தால ஒண்ணு, மதியம் ஒண்ணு. அது இல்லாம குனிய முடியாது."

"எத்தினி நாளா?"

"கமிட்டிக்குப் போனதுலேர்ந்து."

பூங்குழலி அவனுடைய பழைய வருகைகளைத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் முதல் கட்டத்தின் கடைசி வரி, 'வேறு மருந்து: இல்லை.' முதல் தடவை அவள் கேட்டிருந்தாள். அவன் இல்லை என்று தலையாட்டியிருந்தான். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. பொத்தானை அழுத்தியிருந்தாள்.

"நான் கேக்காம விட்டுட்டேன் சார்."

"நானும் பாத்துட்டுத்தானே சரின்னு விட்டேன்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், "பிரஷர் மாத்திரைய என் கையாலதான வாங்கிப் போடற. இத மட்டும் ஏன்யா மறைச்ச? மாசாமாசம் நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "சொல்லியிருக்க மாட்டேன். உன்கிட்ட சொன்னா நீ கம்ப்யூட்டர்ல ஏத்திடுவ. சார் மூட்டை தூக்காதன்னுவாரு. அப்புறம் இன்னா பண்ண சொல்ற?"

செய்யத் தெரிந்ததை அவள் செய்தாள். அவனுடைய எல்லா வருகைகளையும், எல்லாப் பரிசோதனைகளையும் தேதிவாரியாக அடுக்கி, தவறாக ஏறியதைத் திருத்தி, ஒரு சுருக்கம் தயாரித்தாள். அவ்வளவு ஒழுங்கான சுருக்கத்தை அவள் யாருக்கும் செய்ததில்லை. அதை எடுத்துக்கொண்டு புதுச்சேரியில் ஒரு பெரிய டாக்டரைப் பார்க்கப் போனார்கள். அவர் ஒரே பார்வையில் படித்து முடித்தார். "நல்லா எழுதியிருக்காங்க, எல்லாம் இதுலயே இருக்கு" என்றார். பிறகு அபிநந்தன் சொன்னதையே அவரும் சொன்னார். டயாலிசிஸ் தொடங்க வேண்டும். இல்லையென்றால் மாற்றுச் சிறுநீரகம்.

"என்னுத எடுத்துக்கோங்க" என்றாள் பூங்குழலி. பரிசோதனை செய்தார்கள். அவளுக்குச் சுகர் இருந்தது. எத்தனை காலமாக இருந்ததோ, அவளுக்கே தெரியாது. தினமும் ஊராருக்கெல்லாம் விவரம் ஏற்றியவளுக்கு, அந்த மென்பொருளில் சொந்தப் பெயரே இல்லை. சுகர் இருப்பவரிடம் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ராஜாராமின் அண்ணன் வளவன் தருகிறேன் என்று வந்தார், ஒரு வாரம் கழித்து போனை எடுப்பதை நிறுத்தினார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. பூங்குழலி மறுபடி கூப்பிடவில்லை.

இப்போது ராஜாராம் டயாலிசிஸ் நாட்களில் விடியற்காலை பஸ்ஸில் விழுப்புரம் போகிறான். திரும்பி வந்தால் பேசக்கூடத் தெம்பில்லாமல் படுத்துக்கொள்வான். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். நாவறண்டு, "ஒரு வாயி குடு பூங்குழலி" என்று கேட்பான். அவள் சில சமயம் கொடுப்பாள், சில சமயம் கொடுக்க மாட்டாள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

க்ளினிக்கில் அவள் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு தடவையும், வலி மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்கிறாள். வரிசை நீள்கிறது. வெளியே முணுமுணுக்கிறார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

சென்ற வாரம் பாவாடை என்று ஒருவன் பிரஷர் பார்க்க வந்தான். கமிட்டியில் ராஜாராமோடு ஒரே லாரியில் மூட்டை இறக்கியவன். டாக்டர் பக்கத்து அறைக்குப் போயிருந்தார்.

"வலி மாத்திரை போடறீங்களா?"

"இல்லம்மா."

அவன் சட்டைப் பையில் மாத்திரை அட்டையின் வெள்ளி ஓரம் துருத்திக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்ப்பதைக் கண்டு அவன் பையைக் கையால் மூடினான்.

"வேணாம்ணா. எங்க வீட்டுல இன்னா ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. போன வாரம்கூட வந்து பாத்துட்டுப் போனேனே. நீ வேலைக்குப் போயிருந்த." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாளைக்கு நாலு லாரி நெல்லு வருது. நான் எப்பிடி குனியறது, நீயே சொல்லு. சார்கிட்ட மட்டும் சொல்லாதம்மா."

டாக்டர் வந்ததும் அவள் சொன்னாள். பாவாடை எழுந்து நின்றுவிட்டான். டாக்டர் அவனை உட்காரவைத்துப் பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அவன் எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்றான். ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போனான். பரிசோதனைக் கூடம் அதே தெருவில்தான் இருக்கிறது. இதுவரை அவனுடைய முடிவு எதுவும் திரைக்கு வரவில்லை.