மெஷினக்காவும் பின்னால் ஓடிய கயாக்கும்

கடைத்தெருவில் மாடிப்படிக்கு அடியில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்ததால் அவளை எல்லோரும் மெஷினக்கா என்றார்கள். முப்பது வருஷம் மெஷின்களை நோண்டியதில், காலால் மிதிக்கிற எதுவும் தன் பேச்சைக் கேட்கும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமையானால் ஏரியில் மீன்பிடிக்கப் போய்விடுவாள். ஒரு ஆள் உட்காரும் பழைய கயாக் வைத்திருந்தாள். சைக்கிள் மாதிரி மிதித்தால் அடியிலுள்ள விசிறி சுற்றிப் படகு நகரும். இரண்டு கையும் தூண்டிலுக்கு. அந்த மிதி செட் ஒரு நாள் பல்லெல்லாம் கொட்டிச் செத்துப்போனது. அதே மாடல் கிடைக்காமல், யாரோ கழித்துப்போட்ட வேறொன்றை வாங்கி வந்தாள். படகின் நடுத்துளைக்குள் அது இறங்க மாட்டேனென்று முரண்டு பிடித்தது. இரண்டு நாள் அரத்தால் ராவி இறக்கினாள். கையோடு கியர் பெட்டியையும் பிரித்துத் துடைத்து, புது கிரீஸ் வைத்து மூட்டினாள்.

“கூடவே ஒரு காகிதம் இருக்கே, படிச்சியா?” என்றார் வீட்டுக்காரர். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தண்ணீருக்கும் அவருக்கும் உள்ள உறவு குளிக்கிற வாளியோடு சரி.

“மிதிக்கிறதுக்கு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.”

ஞாயிறு காலை கரையில் பத்துப் பேர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்க, மெஷினக்கா ராணி மாதிரி ஏறி மிதித்தாள். கயாக் பின்னால் போனது. காற்றுதான் தள்ளுகிறது என்று இன்னும் ஓங்கி மிதித்தாள். இன்னும் வேகமாகப் பின்னால் போனது.

“எதிர்ப்பக்கமா மிதி, முன்னால வரும்!” என்று கரையிலிருந்து கத்தினார் வீட்டுக்காரர்.

“நீங்க சும்மா இருங்க!”

அந்த வீம்பு அடங்குவதற்குள் நாலு பேருடைய தூண்டில் நூலையும் வாரிச் சுருட்டிக்கொண்டு விசிறி மூச்சடங்கியது. “அக்கா! நூலு! நூலு!” என்று கரையே அலறியது. கடைசியில் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வீட்டுக்காரர்தான் இறங்கினார். தண்ணீர் மார்புவரை வந்தது. படகை இழுக்கிற கயிறு வாயில் இருந்ததால் திட்டு மட்டும் அரைகுறையாகக் கேட்டது.

வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் மறுபடி பிரித்தாள். ஒரு கியர் இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

“முன்னாடி வெச்சிருந்தவன் பண்ண வேலை,” என்றாள்.

அவர் காகிதத்தை மேஜைமேல் விரித்து, மூன்றாவது படத்தின் மேல் விரலை வைத்தார். மெஷினக்கா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஏதோ தனக்கே தோன்றியதைப்போல கியரைத் திருப்பி மாட்டினாள். நாலு பேருக்கும் புது நூல் வாங்கிக் கொடுத்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை, அது அவள் பழக்கத்தில் கிடையாது.

அடுத்த ஞாயிறு கயாக் சொன்னபடி முன்னால் போனது. ஆனால் யாரும் நம்பத் தயாராக இல்லை. “ரிவர்ஸக்கா வர்றாங்க, நூலைச் சுருட்டுங்கடா!” என்று கரை முழுக்கக் குரல். அவள் அதை மறுக்கவே இல்லை. ஏரியில் மீன் அதிகம் கடிக்கிற மூலை இப்போது அவளுக்கென்று காலியாகக் கிடக்கிறதே!