வராத வைரஸுக்கு ஒரு விசாரணை

கம்ப்யூட்டர் பிரிவுக்கு வரும் போன் எதுவும் சுகம் விசாரிக்க வருவதில்லை. மணி அடித்தாலே எங்கோ ஏதோ படுத்துவிட்டது என்று அர்த்தம். உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நான் சொல்லாமலே புரியும். உட்காராதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். அவர்களும் படிக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆயர் குரோ தொழிற்பேட்டையில் மின்னணுச் சாமான்கள் செய்யும் ஒரு பேக்டரியில் இருந்தேன். அதற்கு முந்தின வருஷம்தான் ஆள்குறைப்பு நடந்திருந்தது. கென்டீனுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதவைத் தாண்டும்போது எல்லோருமே கொஞ்சம் வேகமாக நடப்போம்.

தலைமையகத்திலிருந்து ஒரு பேக்ஸ்

வெளிநாட்டில் இருந்த எங்கள் தலைமையகத்துக்குத் திடீரென்று வைரஸ் பயம் வந்துவிட்டது. ஏதோ ஒரு கிளையில் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த டிஸ்கெட்டால் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டனவாம். அதனால் எல்லா பேக்டரியிலும் ஒரு பயிற்சி நடத்த வேண்டும். வைரஸ் வந்ததுபோல் பாவனை செய்து, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, பிறகு ஆளாளாகக் கூப்பிட்டு விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும். எந்த நாள் என்று நடத்துகிறவருக்கு மட்டும்தான் தெரியலாம், மேனேஜருக்குக்கூடத் தெரியக்கூடாது.

நடத்துகிற ஆளாக எங்கள் மேனேஜர் என்னைப் போட்டார். சீனர், பெயர் மிஸ்டர் தான். விசாரிக்க எந்த அறை என்று கேட்டேன். கென்டீன் பக்கத்து அறைதான் காலியாக இருக்கிறது என்றார். கடிதம் கொடுத்த அதே அறை. "அறிக்கையில் என்ன சார் எழுதணும்?" என்று கேட்டேன். பேக்ஸ் தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "யாரு ஸ்லோ, யாரு மிஸ்டேக் பண்ணா, நேம் மட்டும் போதும்லா, தேவி."

பார்வதி அக்காவும் பிளக்குகளும்

ஒரு காலையில், சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த கம்ப்யூட்டரின் திரையில் மஞ்சள் தாள் ஒன்றை ஒட்டினேன். முதல் வரியில் 'இந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்றும் இரண்டாவது வரியில் 'இது பயிற்சி' என்றும் மலாயில் பெரிதாக எழுதியிருந்தது. அந்த மேசைக்குச் சொந்தக்காரர் பார்வதி அக்கா. ரெம்பியா ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து தினமும் பேக்டரி பஸ்ஸில் வருகிறவர். மைலோ கலக்கிய கோப்பையோடு வந்தார், முதல் வரியைப் படித்தார், அவ்வளவுதான். மேசைக்கு அடியில் குனிந்து கையில் அகப்பட்ட பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டார். அதில் லேபிள் அடிக்கும் மிஷினும் போனது. லேபிள் இல்லாமல் பெட்டியை ஏற்ற முடியாமல் வெளியே லாரிக்காரர் ஹாரன் அடிக்க, பயிற்சி நிஜமாகிவிட்டது. அன்றைய சரக்கு தாமதமாகத்தான் போனது.

இரண்டு நாள் கழித்து அவரை அந்த அறைக்குக் கூப்பிட்டேன். கைப்பை, சாப்பாட்டு டப்பா, மேசையில் வைத்திருந்த முருகன் படம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "அக்கா, சும்மா நாலு கேள்விதான். எதுக்கு இதெல்லாம்?" என்றேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. நான் கேள்வித்தாளை எடுப்பதற்குள் மெதுவான குரலில் சொன்னார்: "தங்கச்சி, என்னைய நிப்பாட்டுறதா இருந்தா என் மக பரீட்சை ரிசல்ட் வந்தப்புறம் நிப்பாட்டச் சொல்லு. அதுக்கு முந்தி அவளுக்குத் தெரியக் கூடாது."

கக் சல்மாவின் அறிவிப்பு

பிளக்கைப் பிடுங்கிய கையோடு பார்வதி அக்கா டெலிபோன் ஆப்பரேட்டர் கக் சல்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். அதுவரைக்கும் சரி. கக் என்றால் மலாயில் அக்கா. நல்ல மனுஷி. ஆனால் அந்த மாதம் மோசமான மாதம். பக்கத்து மாநிலத்தில் பன்றிப் பண்ணைகள் இருந்த பகுதியில் வைரஸ் காய்ச்சல் பரவி ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் பேப்பரில் அதே செய்தி. அவருடைய தங்கை குடும்பம் அந்தப் பக்கம்தான் இருந்தது. போனில் 'வைரஸ்' என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் ஒலிபெருக்கியைத் திறந்து, சரக்குப் பிரிவில் வைரஸ் வந்திருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று பேக்டரி முழுக்கச் சொல்லிவிட்டார்.

அசெம்பிளி லைனில் வேலை செய்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கார் பார்க்குக்கு ஓடினார்கள். பேக்டரி கிளினிக்கில் ரத்தம் பார்க்கச் சொல்லி வரிசை நின்றது. அத்தனை பேரையும் உள்ளே கூட்டிவர எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. விசாரணையில், "கக், நான் எழுதினது கம்ப்யூட்டர் வைரஸ்" என்றேன். அவர் அழுகிறாரா கோபப்படுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தலையை மூடியிருந்த துடோங் துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைரஸ் என்றால் எல்லாம் வைரஸ்தான் என்று மலாயில் அடித்துச் சொன்னார்: "வைரஸ் தெத்தாப் வைரஸ், தேவி!"

டிராயருக்குள் கத்திய பேஜர்

மூன்றாவதாகக் கூப்பிட வேண்டிய ஆள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தான். சுப்ரா. எங்கள் பிரிவின் டெக்னீஷியன். எனக்கு எதிர் மேசை. வைரஸ் வந்தால் முதலில் ஓடிவர வேண்டியவன் அவன். அன்றைக்கு அவனுடைய பேஜருக்குத் திரும்பத் திரும்ப அடித்தோம். அது அவன் மேசை டிராயருக்குள்ளேயே கிடந்து கத்திக்கொண்டிருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, தலையில் ஹெல்மெட் பதிந்த தடம்.

விசாரணை அறையில், நான் கேட்கும் முன்பே கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். சிம்பாங் அம்பாட் பக்கம் புதிதாக வந்த பேக்டரியில் பயிற்சி நாளன்று அவனுக்கு இன்டர்வியூ. "அடுத்த ரவுண்டு ஆள்குறைப்புல என் பேருதான்னு ஆபீஸ் பூரா பேசிக்கிறாங்கக்கா. வீட்டுல அவளுக்கு ஏழாம் மாசம். கடிதம் கையில வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கச் சொல்றீங்களா?" என்றான். நான் பேனாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். இன்டர்வியூ என்று எழுதினால் அவன் கதை முடிந்தது. காரணமில்லாமல் காணோம் என்று எழுதினாலும் முடிந்தது. அவன் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தான். "அக்கா, உண்மையத்தான் எழுதணும். ஆனா எந்த உண்மைன்னு நீங்களே பார்த்துக்கங்க."

வீட்டில் ஒரு யோசனை

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அந்த நேரம் அவருக்கும் நடை குறைந்து, வாரத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருப்பார். ஆக எங்களுக்கு என் சம்பளம் ஒன்றுதான் நிச்சயம். நான் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. பார்வதி அக்கா மகளைப் பற்றிச் சொன்னபோது உச் கொட்டினார். கையைக் கழுவிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ இன்னொருத்தர் பேர எழுதலன்னா, உன் பேர எழுத அங்க ஒரு ஆளு இருப்பான், தெரிஞ்சுக்க."

மிஸ்டர் தான் படித்தது

அறிக்கையில் நடந்ததை மட்டும் வரிசையாக எழுதினேன். பிளக் பிடுங்கப்பட்டது, அறிவிப்பு தவறாகப் போனது, டெக்னீஷியன் கிடைக்கவில்லை. யார் பெயரும் இல்லை. கடைசியில் இன்னொன்றையும் சேர்த்தேன். வைரஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும், எந்த பிளக்கைப் பிடுங்க வேண்டும், ஒலிபெருக்கியில் என்ன சொல்ல வேண்டும் என்று தலைமையகம் அனுப்பிய தடித்த பைல் ஒன்று இருந்தது. ரகசியம் என்று சொல்லி அது மேனேஜர் அறை அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி மேனேஜரிடம். மேனேஜர் அன்றைக்கு ஜொகூரில் மீட்டிங்கில் இருந்தார். அந்த பைலை எங்களில் ஒருவர்கூட ஒரு நாளும் பார்த்ததில்லை.

மிஸ்டர் தான் ஒரு பக்கம் புரட்டினார். "நேம் எங்கே?" என்றார். "பேர் போட்டா எல்லார் பேரும் போடணும், சார். அலமாரியில இருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தார். முகம் காதுவரை சிவந்தது. என் வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். யார் செய்தது என்று வருகிற இடத்திலெல்லாம் ஆங்கில 'வீ' (We) என்று போடச் சொன்னார். தமிழாக இருந்தால் நாமா, நாங்களா என்றாவது கேட்டிருப்பேன். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. எழுந்து கதவருகே போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "தேவி, ஒன்லி 'வீ', ஆ. நோ நேம்ஸ்."

சோறு இறங்காத இரண்டு வாரம்

அறிக்கை போனது. தலைமையகம் நன்றி என்று ஒரு வரி அனுப்பியது. பைலின் பிரதிகள் ஒவ்வொரு பிரிவுக்கும் வந்தன. யாருக்கும் கடிதம் வரவில்லை. நல்ல செய்தியை நானே நேரில் சொல்ல வேண்டும் என்று பார்வதி அக்காவின் மேசைக்கு ஓடினேன். முருகன் படம் இன்னும் பையிலேயேதான் இருந்தது. "அக்கா, ஒண்ணும் இல்ல, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

கையைப் பிடித்துக்கொள்வார், கண்ணீர் விடுவார் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனவள் நான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்புறம் எதுக்கும்மா அந்த ரூமுக்குக் கூப்பிட்டே? ரெண்டு வாரமா எனக்குச் சோறு எறங்கல!"

சுப்ராவின் கடிதம்

அடுத்த மாதமே சுப்ரா ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தான். ராஜினாமா. சிம்பாங் அம்பாட்டில் வேலை கிடைத்துவிட்டது. இவனைக் காப்பாற்றத்தானே அத்தனை நாள் பேனாவை மூடி மூடித் திறந்தோம் என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவன் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிவு. சந்தோஷம் என்றுதான் சொன்னேன்.

போன பிறகு ஒருநாள் போன் செய்தான். மணி அடித்ததும் வழக்கம்போல எது படுத்துவிட்டதோ என்றுதான் எடுத்தேன். அவன் குரல் என்று தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. குழந்தை பெண் என்றான். இருவரும் நலம் என்றான். புது இடம் எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றான். பிறகு கேட்டான்: "இங்கேயும் அந்தப் பயிற்சி வருதுக்கா. ஆளாளாக் கூப்பிட்டு விசாரிக்க என்னையப் போட்டுட்டாங்க. எந்த ரூம்ல வச்சுக் கேட்கட்டும்?"

வைரஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பயிற்சியில் யார் கற்றுக்கொண்டார்களோ எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் ஆபீசில் யாருக்கு எதை நினைத்தால் சோறு இறங்காது என்பது மட்டும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.