கனவில் மூழ்காத அண்ணன்

இன்று காலை வீடெங்கும் மிளகாய் கருகும் நெடி. என் கணவர் மகளுக்குச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். "பாப்பா ஆத்துல அடிச்சுக்கிட்டுப் போற மாதிரி கனவு. ஒகேனக்கல் ஸ்கூல் டூர் வேணாம்."

நான் தும்மிய தும்மலில் எட்டாம் வகுப்பில் போய் விழுந்தேன். நான் வளர்ந்த இண்டூர் வீட்டிலும் அன்று இதே நெடி, இதே டூர். கெட்ட கனவு கண்டால் அப்பா அதை ஓடும் தண்ணீரிடம் சொல்லிக் கரைப்பார். ஊரில் ஆறு ஓடாததால் தெருக்குழாயைத் திறந்துவிட்டுச் சொல்வார். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. நான் வெள்ளத்தில் போன கனவு கரையவில்லையாம். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த என்னை எல்லோர் முன்னாலும் இறக்கிவிட்டார். வீராவேசமாகத்தான் கத்தினேன், மூக்கு ஒழுகியதால் எடுபடவில்லை.

"அண்ணன் தெனமும் கெணத்துல குதிக்கிறான். அவன் உங்க கனவுல முழுவவே மாட்டானாப்பா?"

"அவன் ஆம்பளப் புள்ள கண்ணு."

அவர் கனவில் வந்தது தண்ணீரே அல்ல. நான் அவர் கண்ணுக்கு எட்டாத தூரம் போவதுதான் அவருக்கு வெள்ளமாகத் தெரிந்திருக்கிறது. இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கணவரிடம் சொன்னேன்: "கனவு கண்டது நீங்க. பயமா இருந்தா நீங்க வூட்டுல இருங்க."

வண்டியைக் கிளப்பினேன். மகள் டூர் பையோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.