அழகர்சாமி ஐயா தூக்கிய கை

அக்கரப்பத்தனை பஸ் அட்டனில் வந்து நின்றதும் கண்டக்டர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். "ஒங்க எம்பி ஐயா காலையில தவறிப் போயிட்டாருங்க" என்றார். பதவி போய்ப் பதின்மூன்று வருடம் ஆகியும் அழகர்சாமி ஐயா நமக்கு எம்பிதான். ஓட்டுரிமையைப் பறிகொடுத்த சனம், கொடுத்த பட்டத்தை மட்டும் விடவில்லை.

நான் அவருடைய எழுத்தராக இருந்தவன். அவரை வாழ்த்தியவர்களும் வைதவர்களும் இதைப் படிப்பீர்கள். நம் தலைவிதி ஒரு நாள் அவர் கையில் இருந்தது என்பதை நீங்கள் இரு தரப்பாருமே மறுக்கமாட்டீர்கள்.

இலங்கைத் தோட்டத்துச் சனமான நாம் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்று சட்டம் வந்த காலம் அது. ஐயாவின் கட்சி இரண்டாகக் கிடந்தது. "இங்கே பிறந்தவன் எதற்கு மனுப் போட வேண்டும்? ஒருவரும் போடக்கூடாது" என்றது ஒரு பக்கம். "மானம் பார்த்தால் நாடு போய்விடும்" என்றது மறுபக்கம். நிர்வாக சபையில் இரு பக்கமும் சரிபாதி. எதிலும் சேராதவர் ஐயா ஒருவர்தான். அதுவரை அவரை ஏறெடுத்தும் பாராதவர்கள் அந்த வாரம் பழக்கூடையோடு வந்தார்கள்.

"சனங்களைக் கேட்காமல் கை தூக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஐயா தோட்டக் குடியிருப்புகளில் லயம் லயமாக நடந்தார். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்திலும் போய் நின்றார். "மனுப் போடலாமா, வேணாமா?" என்று கேட்பார். "ஐயா என்ன நெனைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். "எனக்கு அவமானமாத்தான் படுது" என்பார். "அப்ப வேணாங்க" என்பார்கள். பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே மாற்றிப் பேசுவது நம் வழக்கத்தில் இல்லை. அதை அவர் மறந்துவிட்டார். கூட நின்ற நானும் நினைவூட்டவில்லை. சபையில் மனு வேண்டாம் என்ற பக்கம் அவர் கை தூக்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

என் அக்கா பாப்பாத்திக்குத் திருச்சிப் பக்கம் குலதெய்வத்துக்குப் பிள்ளையின் முடி இறக்க வேண்டிய நேர்த்தி இருந்தது. "மனுதான் இல்லேன்னு ஆயிருச்சே. போயிட்டு வரட்டுங்களா ஐயா?" என்று கேட்டாள். "போயிட்டு வாங்க தாயி" என்றார். அடுத்த பிரசவமும் அங்கேயே ஆகி, ஒரு வருடம் தாண்டித்தான் திரும்பினாள். அதற்குள் கட்சி மனம் மாறி, எல்லோரும் மனுப் போடுங்கள் என்றது. அப்போது முதலில் கை தூக்கியவரும் ஐயாதான். தொடர்ந்து இந்நாட்டில் வசிக்கவில்லை என்று ஒரே வரியில் அக்காவின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். இப்படிச் சாமிக்கு முடி கொடுக்கப் போய் நாட்டையே கொடுத்தவர்கள் அவளோடு இன்னும் எத்தனையோ பேர்.

மற்றவர்கள் எல்லாம் "கட்சி எடுத்த முடிவு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். ஐயா மட்டும் மனுத் தள்ளப்பட்டவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் அக்காவின் வாசலிலேயே நின்றார். "நான் கை தூக்கினதாலதான் தாயி ஒங்களுக்கு இந்தக் கதி" என்றார்.

அக்கா அழுதாள். பிறகு, "கேட்டப்ப நாங்களும் மனசுல இருந்ததச் சொல்லலீங்களே" என்றாள்.

"சொல்ற மாதிரி நான் கேக்கல தாயி."

இப்போது இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் நம்மைப் பங்கு போட்டுவிட்டன. அக்கா இந்தியாவுக்குப் போகிறவர்கள் பங்கில்தான் வருவாள். ஐயாவின் இழவு வீட்டில் அவள் அழுததைப் போல அவருடைய சொந்தக்காரர்கள்கூட அழவில்லை.

என்னிடம் பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கிறது. ஒருவரும் மனுப் போட வேண்டாம் என்ற கட்சி அறிவித்தலை என் கையாலேயே எழுதிய நாட்களில், யாருக்கும் தெரியாமல் என் மனுவையும் எழுதிப் போட்டேன். அக்காவுக்கும் ஒன்று எழுதியிருக்கலாம். வெளியில் சொல்லிவிடுவாள் என்று பயந்து எழுதவில்லை. அதை ஐயாவிடமும் சொன்னதில்லை. எனக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே அக்கா இன்றுவரை நம்புகிறாள்.

செய்த தவறை, அதனால் கெட்டவர் வாசலில் நின்று சொல்ல வேண்டும். ஐயாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அக்காவுக்கு எழுத்து தெரியாது. இங்கே எழுதியதால் அவளிடம் சொன்னதாக ஆகாது. அவள் லயத்துக்கு நான் இன்னும் நடக்கவில்லை.