ஆ செங் அண்ணன் மாட்டிய ரப்பர் பேண்ட்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். விடியுமுன் எழுந்து மாவு அரைக்கிறவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள்.

லாயாங் லாயாங் ஊரில், ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கடைவரிசையே ஒரு தினுசு. முடிவெட்டும் முத்து, நிற்காமல் போகிற ரயிலுக்கெல்லாம் சல்யூட் அடிப்பார். மளிகைக்கடை காசிம் பாய் பூனையிடம் கேட்காமல் கடை திறக்கமாட்டார். சாயங்காலம் கடை சாத்தினால் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும், அது எழுதாத சட்டம்.

"நான் கெளம்புறேன்."

"போங்க, நான் பாத்துக்கிறேன்."

இப்படியே கடைசிக் கடை வரை போகும். அது கடிகாரம் பழுதுபார்க்கும் ஆ செங் அண்ணனின் கடை. ரப்பர் தோட்டத்தில் எங்களோடு வளர்ந்த சீனர், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லாப் பூட்டையும் இழுத்துப் பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாக ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அவர் போன வருஷம் தவறிவிட்டார், கடை பூட்டியே கிடக்கிறது. அதற்கு முந்தைய பலகாரக் கடை என்னுடையது. எல்லாரும் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள், நான் சொல்ல ஆளில்லை. வீட்டுக்காரர் போனபிறகு எனக்கும் மகளுக்கும் அந்தக் கடைதான் சோறு, அதைத் தனியாக இழுத்து இழுத்து உடம்பு ஓய்ந்துவிட்டது.

ஒருநாள் அசதியில் ஷட்டரைப் பூட்டிவிட்டு, பழக்கதோஷம், செத்தவர் கடையைப் பார்த்து "அண்ணே, நான் கெளம்புறேன்" என்றேன்.

"போ தங்கச்சி, நான் பாத்துக்கிறேன்."

உள்ளிருந்துதான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பயப்படக்கூடத் தெம்பில்லை. காதில் ஏதோ கோளாறு என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் கடையைத் திறந்தால் ஒரே தீய்ந்த வாடை. எண்ணெய்ச் சட்டி அடுப்பிலேயே கறுத்துக் கிடந்தது, சுவரெல்லாம் புகை. அடுப்பை அணைக்காமலே போயிருக்கிறேன். ஆனால் கேஸ் சிலிண்டர் தோம்பின் வால்வு மூடியிருந்தது, அதன் கழுத்தில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட். சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், பயத்தில் இல்லை, பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறாரே என்று.

காசிம் பாயிடம் சொன்னேன்.

"அலமாக், நீயே மூடியிருப்ப, அசதில மறந்திருக்கும் லா" என்றார்.

இருக்கலாம். ஆனாலும் அன்றிலிருந்து தினமும் அந்தக் கடைக்குச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். பதில் வந்ததில்லை.

போன வாரம் நல்ல காய்ச்சல். மகளிடம்கூடப் பேசாமல் படுத்தவள், தூக்கத்தில் "அண்ணே, நான் கெளம்புறேன்" என்றேனாம், மகள்தான் சொன்னாள். காலையில் கண் விழித்தபோது என் மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட்.

"நான் மாட்டலம்மா" என்றாள், அழுதுகொண்டே.

என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் சாத்தின கடைக்குத்தான் அவர் அதை மாட்டுவார். காய்ச்சல் விட்டுவிட்டது, இதைக் கழற்றத்தான் இன்னும் கை வரவில்லை. இதோ, நீங்களே பாருங்கள்.